வாங்க சொல்ல மறந்த ஸ்பீக்கர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால், அந்த வீட்டுக்காரர் "வாங்க" சொல்ல வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னால் கணக்கில் வராது. முகம் பார்த்து, ஆளுக்கு ஒன்று. பத்துப் பேர் வேனில் வந்து இறங்கினால் பத்து முறை. வந்தவர் "வந்தனுங்க" என்பார். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். விசேஷத்துக்குப் போய்த் திரும்பியவரிடம், சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் "வாங்கன்னாங்களா?" என்று கேட்கிற ஊர். அந்த ஒரு சொல் விட்டுப்போனதால் முறிந்த சம்பந்தங்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமலே காலம் தள்ளிய அண்ணன் தம்பிகள் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில், அந்தச் சொல்லைச் சொல்கிற பொறுப்பை ஒரு ஸ்பீக்கரிடம் ஒப்படைத்தவள் நான்.

எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குப் பள்ளிக்கூடம் அதன் வாசலோடு சரி. அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது என்னிடம். நான் எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலேயே பொறியியல் படித்து, சேலத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிர்வது எனக்கே தெரியும். நிமிரட்டும். அப்பாவின் பெருமை என்னுடையதைவிடப் பெரிது. ஊருக்கு வெளியே, மலை தெரிகிற மாதிரி எங்கள் புது வீட்டைக் கட்டி முடித்தபோது, வாசல் கிரானைட்டில் குலதெய்வத்தின் பெயரை வெட்டுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் "பி.இ. இல்லம்" என்று வெட்டச் சொல்லிவிட்டார். கல் வெட்டுகிறவர், "சரிங்க, பேரு எங்கீங்க?" என்று கேட்டாராம். "அதுதானுங்க பேரு" என்றாராம் அப்பா.

அப்படிப் பெயர் வைத்த வீட்டுக்கு நானும் ஏதாவது செய்தாக வேண்டுமே. விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார், கேட் எல்லாவற்றையும் போனிலிருந்து இயக்குகிற கண்ட்ரோலர் ஒன்றை வாங்கி மாடி அறை அலமாரியில் வைத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. எலக்ட்ரீஷியன் கம்பியை இழுத்துக் கொடுத்ததோடு சரி, மற்றதெல்லாம் என் வேலை. அம்மா அதை "உன்ற பொட்டி" என்பாள். மோட்டாரைப் போட மறந்துவிட்டால், "உன்ற பொட்டிகிட்டச் சொல்லு, டேங்குல தண்ணி இல்லே" என்று கீழேயிருந்து குரல் வரும்.

விளக்குக்காகவோ மோட்டாருக்காகவோ நான் அந்தப் பெட்டியை வாங்கவில்லை. அப்பாவின் காதுக்காக வாங்கினேன்.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். மீசை முளைக்கும் முன்பே ஏறி, ஆந்திரா, ஒரிசா, மத்தியப் பிரதேசம் என்று பாறையைக் குடைந்துகொண்டே சுற்றியவர். கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்தில் அத்தனை காலம் நின்றால் காது என்ன ஆகும்? எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசினால் அவருக்குப் புரியும். முதுகுக்குப் பின்னால் பேசினால் சுவருக்குச் சொன்ன மாதிரிதான். ஆனால் இதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "மென்னு முழுங்காமப் பேசு சாமி" என்று பழியை நம் மேல் போட்டுவிடுவார். ரிக்கில் இருந்தவரை சொல்லாததற்குக் காரணம் இருந்தது. காது மந்தமான ஆளை யாரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். இப்போது ரிக்கை விட்டு, ஊரிலேயே ஒரு உதிரிபாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். இனிமேல் சொன்னால் என்ன? பழகிவிட்டது, அவ்வளவுதான். நான் வாங்கிக் கொடுத்த காது மிஷின் பீரோவில், பட்டு வேட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் காதுதான் எங்களையும் என் மாமாவையும் பிரித்தது.

மாமா, அம்மாவின் அண்ணன். ஆட்டையாம்பட்டிப் பக்கம் தோட்டம். நான் ஒன்பதாவது படிக்கும்போது பெரியவளானேன், சீர் செய்தார்கள். அந்தச் சீரில் தாய்மாமன்தான் முதல் ஆள். தட்டுகளோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பழைய வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா அந்தப் பக்கம் திரும்பி நின்று ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிக் வண்டிக்காரருக்கு எங்கே எஞ்சின் ஓடினாலும் போய்ப் பார்த்தாக வேண்டும். மாமா ஒரு முறை செருமினார். "மாப்ள" என்றும் கூப்பிட்டார். அப்பா திரும்பவே இல்லை. அவ்வளவுதான். என் சீரை ஒரு குறையும் இல்லாமல் செய்தார் மாமா. ஆனால் பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா தோட்டத்துக்குப் போனால் நன்றாகத்தான் பேசுவார். தேங்காய், நிலக்கடலை எல்லாம் கட்டிக் கொடுப்பார். "உங்கூட்டுக்காரரு சௌக்கியமா?" என்று மட்டும் கேட்க மாட்டார்.

அம்மாவுக்கோ உண்மை தெரியும். காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அப்பாவின் வேலை போய்விடும் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகு, புருஷன் மறைக்கிறதைப் பொறந்த வீட்டில் சொல்வது எப்படி என்று சொல்லவில்லை.

முதலில் நான் செய்து பார்த்தது வேறு. கேட் திறந்தால் வீட்டு விளக்கெல்லாம் இரண்டு தரம் அணைந்து எரிகிற மாதிரி பெட்டியில் அமைத்தேன். அப்பா எந்த மூலையில் இருந்தாலும் ஆள் வந்தது தெரிந்துவிடும். தெரியத்தான் செய்தது. அன்றைக்குச் சாயங்காலமே, "ஏஞ் சாமி, உங்கொப்பன் செவுடன்னு லைட்டுப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டறியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் அதை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் ஸ்பீக்கர் யோசனை வந்தது. கேட் தூணில் மழை படாத மாடத்தில் வயரில்லாத ஒரு ஸ்பீக்கர். கேட் திறந்து ஆள் நுழைய நுழைய சென்சார் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி ஸ்பீக்கருக்குச் சொல்லும், ஸ்பீக்கர் அப்பாவின் குரலில் "வாங்க" சொல்லும். ஆளுக்கு ஒன்று. ஒருத்தரும் விட்டுப்போக மாட்டார்கள்.

குரல் பதிவு செய்த நாள் வேடிக்கையாக இருந்தது. போனை நீட்டிப் "பேசுங்கப்பா" என்றால், ரிக்கில் பேசுகிற குரலில் "வாங்க" என்று அடித்தார். தென்னை மரத்திலிருந்து காக்கா பறந்தது.

"மெதுவாச் சொல்லுங்கப்பா. திருடனைப் பிடிக்கிற மாதிரி இருக்குது."

"ஆளே இல்லாம ஆரப் பாத்து வாங்கங்கறது? எனக்கு வரமாட்டீங்குது சாமி."

கடைசியில் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரம்பரைக்காரி மாதிரி கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். சொந்தபந்தம் வருவதை எங்கள் பக்கத்தில் ஒரம்பரை என்போம். அப்பா அவளைப் பார்த்தார். "வாங்க" என்றார். அவ்வளவு பதமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அம்மா "வந்தனுங்க, ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பை வெட்டி எடுத்துவிட்டு அந்த வாங்கவை மட்டும் ஸ்பீக்கரில் ஏற்றினேன்.

அருமையாக வேலை செய்தது. பால் கொண்டுவருகிறவருக்கு ஒரு வாங்க. டைல்ஸ் போடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாங்க. எதிர்வீட்டு அக்கா பூ கொடுக்கிற சாக்கில் ஒரு நாளில் பல தரம் வந்து கேட்டுவிட்டுப் போனாள். ஒருமுறை ஆடுகூட நுழைந்து வாங்க கேட்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் துணிச்சலில்தான் அவள் ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டாள்.

புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க நானும் அவளும் ஸ்கூட்டரில் ஆட்டையாம்பட்டி போயிருந்தோம். அப்பா வரவில்லை. "அவரு மொதல்ல பேசட்டும்" என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். புது வீட்டுக்குப் பொறந்த வீட்டுச் சீர் வர வேண்டும். அது வரவில்லையென்றால், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாருமில்லை என்று ஊர் பேசும். அம்மா வெற்றிலை பாக்குத் தட்டை மாமாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீரு வரும்மா. அதுல என்ன கொறை. ஆனா நான் வந்து நின்னா உங்கூட்டுக்காரரு வாங்கம்பாரா?"

"சொல்லுவாருங்ணா. கேட்டைத் தொறந்தவொடனே சொல்லுவாரு."

"அன்னைக்குச் சொல்லாதவரு?"

"இப்பெல்லாம் வாசல்லயே சொல்றாருங்ணா. நீங்க கால் வெச்சுப் பாருங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் பலமாகத் தலையாட்டினேன். "சரி, பாக்கலாம். இந்தத் தடவையும் இல்லீன்னா, தட்டை வாசல்ல வெச்சுட்டுத் திரும்பிருவேன். அப்பறம் என்னையக் கூப்புடாதீங்க" என்றார்.

வண்டியில் வரும்போது அம்மா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காதருகில், "உன்ற பொட்டி கெட்டுப்போகாதல்ல?" என்றாள். "பி.இ. படிச்சிருக்கேன்மா" என்றேன்.

விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் எதிர்வீட்டு அக்கா வாழையிலைக் கட்டோடு வந்தாள். கேட்டைத் திறந்து, கொஞ்சம் நின்று, மூடி, மறுபடி திறந்தாள்.

"ஏன் அம்மிணி, உங்கப்பனுக்கு என்ற மேல கோவமா? நேத்து வரைக்கும் வாங்கன்னாரு. இன்னைக்கு ஒண்ணுமே பேச மாட்டீங்கறாரு."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஆப்பில் பச்சை நிறத்தில் ஒரு செய்தி. புதிய அப்டேட் வெற்றிகரமாக நிறுவப்பட்டது, இனி ஒலி இன்னும் துல்லியமாக இருக்கும், மகிழுங்கள். யாரையும் கேட்காமல் தானாகவே போட்டுக்கொண்டிருக்கிறது. கண்ட்ரோலர் ஆப்பைத் திறந்தால், ஸ்பீக்கர் படத்தின் மேல் சாம்பல் நிறம். சாதனம் பதிலளிக்கவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். அணைத்துப் போட்டேன். வைஃபையை அணைத்துப் போட்டேன். ஸ்பீக்கரைத் தூணிலிருந்து இறக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் முகத்துக்கு முகம் உட்கார வைத்தும் பார்த்தேன். பேசிக்கொள்ளவில்லை.

பிறகு இரண்டு கம்பெனிகளின் உதவி மையத்தோடும் ஒரே நேரத்தில் பேசினேன். என் போனில் ஸ்பீக்கர் கம்பெனி, லேப்டாப்பில் கண்ட்ரோலர் கம்பெனி. "எங்கள் அப்டேட் சரியாகத்தான் இருக்கிறது, கண்ட்ரோலர்காரர்கள்தான் மாற வேண்டும்" என்றது போன். "எங்கள் பக்கம் ஒன்றும் மாறவில்லை, ஸ்பீக்கரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோங்கள்" என்றது லேப்டாப். "பழைய நிலைக்குப் போக வழி இல்லை" என்றது போன். "அப்படியானால் எங்கள் அடுத்த அப்டேட் வரை காத்திருங்கள்" என்றது லேப்டாப். எப்போது வரும் என்று கேட்டேன். விரைவில், என்று ஒரு சிரிக்கும் முகம் வந்தது. இணையத்தில் தேடினால், எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் இதே சிக்கலை எழுதி, கீழே ஒருவர் பின் ஒருவராக "எனக்கும்தான்" என்று வரிசையில் நின்றார்கள்.

அம்மா காபியோடு மாடிக்கு வந்தாள். வழிநெடுக மாவிலை கட்டிக்கொண்டே வந்திருப்பாள் போல, தோளில் ஒரு கொத்து இருந்தது.

"ரெண்டும் ஒரே ஊட்டுக்குள்ளதான இருக்குது? பேசிக்கிட்டா என்னவாமா?"

"ஸ்பீக்கர் புதுசா ஒரு பேச்சுக் கத்துக்கிச்சும்மா. பொட்டிக்குப் பழைய பேச்சுதான் தெரியும். அதான் ஒண்ணு சொல்றது ஒண்ணுக்கு வெளங்கல."

"அப்ப ஆரு எறங்கி வரோணும்?"

"அதுதான் ரெண்டு கம்பெனிக்கும் சண்டை. நீ மாறு, நீ மாறுங்கறாங்க."

அம்மா காபியை வைத்தாள். "உங்கப்பனும் உங்க மாமனும் சேந்து கம்பெனி ஆரம்பிச்சா இப்படித்தான் நடத்துவாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். படியில் அவள் கொஞ்சம் நிற்பது தெரிந்தது. பிறகு அங்கிருந்தே, "நாளைக்குக் காத்தால பேசிரும்ல?" என்றாள். குரலில் கேலி இல்லை. நான் "பேசிரும்" என்றேன்.

மத்தியானத்துக்குள் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தேன். பெட்டியும் ஸ்பீக்கரும் நேராகப் பேசாவிட்டாலும், இரண்டும் தங்கள் தங்கள் கம்பெனியின் சர்வரோடு பேசும். அந்த சர்வர்களை ஒன்றோடொன்று கோர்த்துவிட்டால் சொல் போய்ச் சேரும். கோர்த்தேன். கீழே ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. மாடிக்கு வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்து முடிக்கும்போது, தூரத்தில் அப்பாவின் குரல், பதமாக, "வாங்க" என்றது. கேட்டில் யாருமே இல்லை. ஒரு வாங்க கடல் கடந்து போய் இரண்டு சர்வர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு அவ்வளவு நேரம் ஆகிறது. போனை நேராக ஸ்பீக்கரோடு இணைக்கலாம் என்றால், அந்த வழியையும் புது அப்டேட் அடைத்திருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் பெட்டியை நம்புவதை விட்டுவிட்டு நேராக அப்பாவிடம் போனாள். அவர் முகத்துக்கு எதிரில் நின்றாள்.

"ஏனுங்க, நாளைக்கு ஓமம் முடிஞ்சதும் கேட்டுக்கிட்டயே நில்லுங்க. எங்கண்ணன் வர்ற வரைக்கும் வேற பக்கம் போகாதீங்க."

"நிக்கறேன், நிக்கறேன். அதுக்கென்ன."

"எஞ்சின் சத்தம் கேட்டாலும் போகாதீங்க."

"எனக்கு எங்கடி எஞ்சின் சத்தம் கேக்குது" என்றார் அப்பா. தானே சொன்னது தனக்கே சங்கடமாகிவிட்டது போல வேட்டியை இறுக்கிக் கட்டினார். 

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே பசுவும் கன்றும் வீட்டுக்குள் நுழைந்தன. ஸ்பீக்கர் அவற்றுக்கு வாங்க சொன்னபோது, அவை பின்பக்கம் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. ஓமம் முடிந்தது. அம்மா பால் காய்ச்சப் போனாள். அப்பா சொன்னபடி கேட்டில் நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று, தன் வாயாலேயே சொன்னார். நான் மாடி அறையில் பெட்டிக்குப் பக்கத்தில், கேட் கேமராவை லேப்டாப்பில் போட்டு வைத்துக்கொண்டு, ஏதாவது அமைப்பை மாற்றினால் ஸ்பீக்கர் சீக்கிரம் பேசுமா என்று குடைந்துகொண்டிருந்தேன். தோற்பது எனக்குப் பழக்கமில்லை.

அப்போது பந்தலின் தொடர்விளக்குகள் ஒரு முறை மங்கி எரிந்தன. பக்கவாட்டில் வாடகை ஜெனரேட்டர் திணறியிருக்கிறது. காதில் விழாவிட்டால் என்ன, கண்ணில் பட்டுவிட்டதே. கேமராவில் அப்பா நின்ற இடம் காலியானது.

சரியாக அப்போதுதான் வேன் வந்து நின்றது. மாமா முதலில் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் அத்தை, சொந்தக்காரர்கள், கையில் பட்டுச்சேலை, குத்துவிளக்கு, பழத்தட்டுகள். மாமா கேட்டைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். நின்றார்.

அம்மா சொன்னபடி கால் வைத்துப் பார்த்தார்.

ஸ்பீக்கர் பேசவில்லை. அந்த வாங்க அப்போதுதான் கடல் தாண்டப் போயிருக்கும். மாமா தூணைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். நான் ஓடிப்போய் "வாங்க மாமா" சொல்லலாம். அவர் சிரித்துவிட்டு என்னைத் தாண்டிப் பார்ப்பார். பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அப்பா, அன்றைக்குப் போலவே, முதுகைக் காட்டிக்கொண்டு ஜெனரேட்டர் மேல் குனிந்திருந்தார். "அப்பா" என்று கத்தினேன். மேளக்காரர் உச்சத்தில் இருந்தார். அப்பாவின் காதுக்கு மேளம் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கேட்டில் மாமா பின்னால் திரும்பி, ஆட்களிடம் ஏதோ சொன்னார். பழத்தட்டு வைத்திருந்த பெண் குனிந்து அதைத் தரையில் வைக்கப் போனாள்.

சின்ன வயதில் லீவுக்கு அப்பாவின் ரிக்கில் போயிருக்கிறேன். கம்ப்ரசர் ஓடும்போது அங்கே யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்துப் போடுவார்கள். விளக்கு அணைந்தால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும். அங்கே அதுதான் பேச்சு.

பெட்டிக்கு ஸ்பீக்கரோடுதான் சண்டை, விளக்குகளோடு இல்லை. போனில் எல்லா விளக்கையும் தொட்டேன். வீடு முழுக்க அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. பந்தலில் யாரோ "கரண்டு போயிருச்சா?" என்றார்கள். ஜெனரேட்டர் பக்கத்துச் சுவர் விளக்கு இரண்டாம் முறை அணைந்தபோது அப்பா விரலைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி நிமிர்ந்தார். வீட்டைப் பார்த்தார். மாடியில் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் கேட்டைக் காட்டினேன்.

அவர் ஓடவில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கையில் கிரீஸோடு, பந்தலின் நடுவே நடந்து போனார். நானும் படியிறங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மாமாவுக்கு எதிரில் நின்றிருந்தார்.

"வாங்க மச்சான்."

பதமாகவெல்லாம் இல்லை. ரிக் குரல். நாதஸ்வரக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

மாமா "வந்தனுங்க" சொல்லவில்லை. "வந்து நிக்கறேன் மாப்ள. அன்னைக்கும் இப்படித்தான் நின்னேன். கூப்புட்டுங்கூடப் பாத்தேன்."

அப்பா மாமாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்க வேண்டுமென்றால் அப்போதும் மறைத்திருக்கலாம். ஜெனரேட்டர் மேல் பழி போட்டிருக்கலாம். அம்மா சமையலறையிலிருந்து வந்து, கரண்டியோடு என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்தது.

"காது கேக்கறதில்லீங்க மச்சான்" என்றார் அப்பா. "அன்னைக்கும் கேக்கலீங்க. ரிக்குல போயிருச்சு. இப்பக்கூட லைட்டை அணைச்சுப் போட்டுத்தான் புள்ள கூப்புட்டா."

பந்தல் முழுக்கக் கேட்டது. அவருக்குத்தான் மெதுவாகப் பேச வராதே.

மாமா அவரைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியைப் பார்த்தாள்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னுங்க?"

"காது போன ஆள வண்டியில ஆருங்க ஏத்துவாங்க?"

"நான் என்ன வண்டி முதலாளியா? மச்சானுங்க" என்றார் மாமா.  ஒரு அடி நெருங்கி வந்து, அப்பாவின் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு எழுத்தாக, "வந்தனுங்க" என்றார். செருப்பைக் கழற்றினார். தரையில் வைத்த பழத்தட்டை அந்தப் பெண் மறுபடி எடுத்துக்கொண்டாள்.

பொறந்த வீட்டுச் சீர் ஒவ்வொரு தட்டாக உள்ளே போனது. அம்மா ஆரத்தி எடுக்க வேண்டியதை மறந்துவிட்டு, கரண்டியோடு பின்னாலேயே போனாள். அத்தைதான் அவள் கையிலிருந்து அதை வாங்கினாள். அப்பா கேட்டில் நின்றுகொண்டு மாடியைக் காட்டி என்னிடம் கத்தினார். "சாமி, அந்த லைட்டு அப்படியே இருக்கட்டும். நான் அந்தப் பக்கம் திரும்புனா அணைச்சுப் போடு." விடிந்து வெளிச்சம் வந்த பிறகும் எங்கள் வீட்டு விளக்குகள் ஆள் வர வர அணைந்து எரிந்துகொண்டிருந்தன. "கரண்டு பில்லு எச்சா வரப்போவுது" என்று எதிர்வீட்டு அக்கா மட்டும் கவலைப்பட்டாள்.

முதல் பந்தியில் மாமாவுக்கு இலை போட்டார்கள். அதற்கு முன் வாசலோரக் குழாயில் கை கழுவினார். அம்மா துண்டோடு பக்கத்தில் நின்றாள், அப்பாவும் வந்து நின்றார். அவர் கையில் தண்ணீர் விழுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவர் கை நனைந்துவிட்டது. குழாயை மூடும்போதுதான், கேட்டில் யாருமில்லாத நேரத்தில், தூணிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. பதமாக, அம்மாவைப் பார்த்துச் சொன்ன அதே குரல்.

"வாங்க."

அது மாமாவுக்கு வர வேண்டிய வாங்க. முன்னால் வந்த அத்தனை பேர் வாங்கவுக்கும் பின்னால் வரிசையில் நின்று, கடல் தாண்டிப் போய் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அது கேட்கவில்லை. மாமா திரும்பிக் கேட் பக்கம் பார்த்தார். அப்பாவின் மூடிய வாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தூணைக் காட்டினேன்.

மாமா ஈரக் கையை நெஞ்சில் வைத்து, தூணைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"வந்துட்டனுங்க மாப்ள. சாப்புடப் போறேன்" என்றார்.